உயிரெழுத்து மட்டும்

கயிறு நின்றுவிட்டது. அதுவரை பூங்கோதையின் கையுறைக்குள் வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் போகும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஒரு சாண் போகும். அந்த முனையில் சொர்ணவேல் அடி எடுத்து வைக்கிறார் என்று அதற்கு அர்த்தம். இப்போது போகவில்லை. சரி, மூச்சு வாங்க நின்றிருப்பார், வீட்டு மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணி மூச்சு வாங்குகிற மனுஷன்தானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் அது பொய் என்று தெரிந்துவிட்டது. பனிப்பாலத்தின் நடுவில் எவரும் மூச்சு வாங்க நிற்க மாட்டார்கள். காலையில் மேலே போகும்போது இதே பாலத்தை இரண்டு பேரும் கடந்தார்கள், அப்போது கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அடியில் ஒரு பிளவு வாயைத் திறந்துகொண்டிருக்கிறது என்பதே மறந்துபோகிற அளவுக்கு. இப்போது மேகத்துக்கு மேலே எங்கேயோ உச்சி வெயில் காய்கிறது, பனி ஊறிப்போய் கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் வரை வாங்குகிறது. "நான் முன்னாடி போறேன், என் கனத்தைத் தாங்குச்சின்னா உன்னைத் தாங்காதா?" என்று விளிம்பில் நின்று கேட்டார். பெரிய கணக்கு. தாங்காவிட்டால் என்ன என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. குதிகால் இரண்டையும் பனியில் உதைத்துப் பதித்து, உட்கார்ந்து, தன் இடுப்பு வாரில் முடிந்திருந்த கயிற்றை முதுகைச் சுற்றி வாங்கிப் பிடித்துக்கொண்டாள். பத்தடிக்கு அப்பால் வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. கயிறு மட்டும் நீலமாக நீண்டு போய், ஒரு விளிம்பில் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்து, காணாமல் போகிறது.

மூன்றாவது ஆள் ஒருத்தர் இருந்திருக்க வேண்டும். பிரிட்டோ. சொர்ணவேலோடு ஒரே ஆபீஸில் இருக்கிற நாகர்கோவில்காரர், அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து இந்த ரெய்னியர் மலையைப் பல தடவை ஏறி இறங்கியவர், இவர்கள் இரண்டு பேருக்கும் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நேற்று கூடாரத்துக்கு வந்ததிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார், இந்தத் தடவை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டே பேரா கயித்துல போகக் கூடாது சார். ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் ஒத்தையாத் தாங்கணும். மேடம் உங்களைத் தாங்குவாங்களா?" என்று படுத்தபடியே கேட்டார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து தாங்கிக்கிட்டுத்தான இருக்கா," என்று இவர் சொல்லிச் சிரித்தார். பேச்சுக்கு என்றைக்குக் குறைச்சல். உச்சிக்கெல்லாம் இல்லையாம், சும்மா அந்தக் கறுப்புப் பாறை வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாமாம். போனார்கள். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வானம் அலசிக் காயப்போட்ட மாதிரி இருந்தது, பாறையில் உட்கார்ந்து கோவில்பட்டியிலிருந்து அவருடைய அக்கா அனுப்பிய கடலைமிட்டாயைத் தின்றார்கள், குளிரில் அது பல்லை உடைத்துவிடும் போல் இருந்தது. திரும்பி இறங்கும்போது மேகம் வந்து மூடிக்கொண்டது. இப்போது கயிறு நிற்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரியவில்லை, வெள்ளைக்குள் நேரத்தை எதை வைத்துப் பார்ப்பது.

அப்போதுதான் சத்தம் வந்தது. கீழேயிருந்து காற்று மேலே ஏறி அடித்துக்கொண்டிருந்தது, அந்தக் காற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது அவர் குரல். ஈ... ஊ. அவ்வளவுதான். பூங்கோதை வெடுக்கென்று தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றினாள். ஈ... ஊ. குரல் இருக்கிறது, ஆள் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், அப்பாடா என்று ஒரு கணம் நெஞ்சு இறங்கியது, அடுத்த கணமே அதே நெஞ்சு தொண்டைக்கு ஏறியது. என்ன சொல்கிறார்? விடு என்கிறாரா, இழு என்கிறாரா? பிரிட்டோ என்னவோ ஒழுங்காக ஊர் உலகத்தில் எல்லோரும் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொடுத்தார். இவர்தான் வீட்டுக்கு வந்து, "பதட்டத்துல எனக்கு இங்கிலீஷ் வராது கோதை, நாம தமிள்லயே வச்சுக்கிடுவோம், கயிறு வேணும்னா விடு, இறுக்கணும்னா இளு" என்றார். இழு, என்று திருத்தினாள். அதான், இளு, என்றார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டிக்கொண்டு விடு, இளு, விடு, இளு என்று பழகினார்கள், குளத்து வாத்துகள் பார்த்துக்கொண்டிருந்தன, காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள் போனில் படம் எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குக் காற்றே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி கேட்டது. இ, உ. இ, உ. சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப்பள்ளியில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, இரண்டு வார்த்தைக்கும் ஒரே உயிர் என்று உறைக்கவில்லை. இப்போது காற்று மெய்யை எல்லாம் தின்றுவிட்டு உயிரை மட்டும் கொண்டுவந்து அவள் காதில் போடுகிறது. உயிர் இருக்கிறது, மெய் எங்கே என்று தெரியவில்லை.

விடு என்றால், அவர் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்க விளிம்பில் நிற்கிறார், இன்னும் ஒரு எட்டுதான் பாக்கி, கயிறு பின்னால் பிடித்து இழுக்கிறது, அதனால் கேட்கிறார். அப்போது இவள் இழுத்தால் மல்லாக்கப் பின்னால் விழுவார், நேரே உள்ளே. இழு என்றால், பாலம் உடைந்து நெஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டார், கால் கீழே எதையும் தொடாமல் ஆடுகிறது, கயிறு இறுகினால்தான் ஏற முடியும். அப்போது இவள் விட்டால் அவ்வளவுதான், அத்தோடு முடிந்தது. கயிற்றையாவது கேட்போம் என்று கையுறையைக் கழற்றி விரலை வைத்துப் பார்த்தாள். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகவும் இல்லை, கொடிக் கயிறு மாதிரி தொய்வாகவும் இல்லை. விளிம்பில் கயிறு பனியை அறுத்து உள்ளே இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் எவ்வளவு கனம் தொங்குகிறது என்று இந்தப் பக்கம் தெரியாது மேடம், கவனம், என்று பிரிட்டோ சொன்னது இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம். விரல் நுனி விறைத்து உணர்ச்சி போனது. கையுறையை மாட்டிக்கொண்டாள். அடியில் எங்கேயோ ஆழத்தில் பனி முனகியது, பழைய மரக்கதவு மாதிரி. இது சும்மா கிடக்கிற ஐஸ் இல்ல, நடக்கிற ஐஸ், என்பார் அவர். நாளுக்கு இத்தனை அங்குலம் என்று கீழே நகர்ந்துகொண்டே இருக்குமாம், அடியில் பாறை மேடு வந்தால் மேல்பக்கம் விரிந்து வெடிக்குமாம், அந்த வெடிப்புத்தான் பிளவாம். தோசையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று சொல்வார். "நீ நினைக்கிற மாதிரி இது மலையில்ல கோதை, அடுப்பு. அடுப்பு மேல ஐஸைக் கொட்டி வச்சிருக்கு." நெருப்புக் குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து எழுந்த மலையாம். ஐயாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் உச்சியே சரிந்து, சேறாகி, கடல் வரைக்கும் ஓடியதாம், இன்றைக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர்களெல்லாம் அந்தச் சேற்றின் மேல்தான் வீடு கட்டிக் குடியிருக்கின்றனவாம், சேறு மறுபடி வந்தால் ஓடுவதற்குச் சங்கு வைத்திருக்கிறார்களாம். உள்ளே வெந்நீர் ஓடி ஓடிக் கல்லே மக்கிக் களிமண்ணாகிக்கொண்டிருக்கிறதாம். "இன்னொரு தோசை போடவா?" என்று கேட்பாள் அவள். போடு என்பார், கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மலையைத் தேடும். கீழே நெருப்பு, மேலே பனி, நடுவில் இந்த மனுஷன்.

ஈ... ஊ. இரண்டாம் தடவை. இப்போது கொஞ்சம் மெலிந்திருந்ததோ, காற்றா, அவரா? நினை, நினை, அந்த ஆள் என்ன சொல்வார், இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் இதைக் கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதா. விடு. விடுவாகத்தான் இருக்கும். அவர் வாயில் எப்போதும் நிற்கிற வார்த்தை அதுதானே. சண்டை எதுவாக இருந்தாலும் நடுவில் வந்து, சரி விடு, என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர். வீடு வாங்கின சமயத்தில், விடு. மகள் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று நின்றபோது இவள் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள், அவர் தோளில் கையை வைத்து, விடு கோதை, என்றார். சற்று முன்னால், இந்த விளிம்பில் நின்று, மேகம் கலையட்டுங்க, இல்லை மேலே தள்ளிப் போய் வேறு இடம் பார்ப்போம், எனக்கு இந்தப் பாலம் சரியாப் படலை என்று அவள் சொன்னபோதும் அதேதான். "சரி விடு, இங்கயே உக்காந்திருந்தா விறைச்சுத்தான் போவோம்." "எதுக்கெடுத்தாலும் விடுதானா உங்களுக்கு?" என்று கடுப்பாகக் கேட்டாள். அவர் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். கடைசியாகப் பேசினது அது. கடைசி என்ற வார்த்தை எங்கேயிருந்து வந்தது, சீ, போ, என்று அதை விரட்டினாள். இழு என்று அவர் யாரிடம் என்ன கேட்டிருக்கிறார்? சாமான் மூட்டையைக் கூட ஒரு கை பிடி என்று கேட்க மாட்டார், நாலு பையையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு கதவை முட்டித் திறப்பார். ஆகவே விடுதான். விரல்கள் தாமாக இளகின. ஒரு சாண் விட்டாள். கயிறு அதை லபக்கென்று வாங்கிக்கொண்டது, ஆசையாக, பசித்தவன் மாதிரி, நின்றது. நடந்து வாங்கினாரா, இறங்கி வாங்கியதா? அவள் உள்ளங்கை வேர்த்து, அந்த வேர்வை அங்கேயே குளிர்ந்தது. கத்தினாள். "ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க." காற்று அவள் சொன்னதை வாயிலேயே திருப்பித் திணித்தது.

இந்தப் பனிக்குள் போனவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவரேதான். மலையின் அந்தப் பக்கத்துப் பனியாற்றில் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ராணுவ வீரர்களோடு ஒரு விமானம் வந்து மோதியது, உடல்களைக் கண்ணால் பார்த்தார்கள், கீழே இறக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள், இன்றைக்கும் அவர்கள் உள்ளேதான். நடக்கிற ஐஸ். அவர்களும் உள்ளே நடந்துகொண்டிருப்பார்கள். வேண்டாம், அதை நினைக்காதே, உச்சிக்கு முதலில் போய் வந்த அந்த இரண்டு பேரை நினை, அவர்கள் பிழைத்து வந்தவர்கள். கூட வந்த பூர்வகுடி வழிகாட்டி, போகாதீர்கள், போனால் திரும்ப மாட்டீர்கள் என்று மன்றாடியும் கேட்காமல் போய், உச்சிக் குழியில் ராத்திரி மாட்டிக்கொண்டு, பூமிக்குள்ளிருந்து ஆவி வருகிற ஒரு பனிக்குகைக்குள் படுத்துக்கிடந்தார்களாம், ஒரு பக்கம் வேக, ஒரு பக்கம் விறைக்க. உயிரோடு திரும்பினார்கள். கீழே காத்திருந்தவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று எந்தக் கதையிலும் சொல்ல மாட்டார்கள், ஏறினவன் கதைதான் கதை. ஃபே ஃபுல்லர் என்று ஒரு பெண் இருந்தாள், உச்சிக்குப் போன முதல் பெண், அவளும் வாத்தியாரம்மாதான், வெயிலுக்காக முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஏறினவள். "உன் வர்க்கந்தான் கோதை, நீயும் ஏறலாம்" என்று அவளைக் காட்டித்தான் இவளை இந்தப் பனிக்கு இழுத்து வந்தார். இழுத்து வந்தார். அவர் இழுப்பார், இழு என்று கேட்க மாட்டார். கேட்க மாட்டாரா? சாகும்போது கூடக் கேட்க மாட்டாரா? தெரியவில்லை. அந்த ஆள் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பயந்தால் அவர் எப்படிப் பேசுவார் என்பதே அவளுக்குத் தெரியாது, அதுதான் விஷயம், இத்தனை வருஷத்தில் அது ஒன்று தெரியாமல் போய்விட்டது.

குதிகால் வழுக்கியது. பதறி மறுபடி உதைத்துப் பதித்தாள். அழுகை வந்தது, அழுதால் காது அடைத்துக்கொள்ளும், அழாதே. மூக்கை உறிஞ்சினாள். வகுப்பில் நிற்கிற மாதிரி நில், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் பதறுவாயா? முன் வரிசையில் உட்கார்கிற இன்பன் என்கிற பொடியன் ஞாபகத்துக்கு வந்தான். ஒரு சனிக்கிழமை இவளைக் கூட்டிப்போக வந்த சொர்ணவேல், "வெளிய மளை தூறுது, குடை இருக்கா?" என்று கேட்க, "அங்கிள், மளை இல்ல, மழை, நாக்கை மடக்குங்க" என்று அவன் திருத்தினான், வகுப்பே சிரித்தது. அவர் பவ்யமாக நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்து மறுபடி மளை என்றார். கோவில்பட்டி நாக்கு. பெற்ற மகளுக்கு யாழினி என்று இவள் ஆசை ஆசையாகப் பேர் வைக்க, பிறந்த நாளிலிருந்து இன்று வரை யாளினி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ழவோ ளவோ, போகட்டும், இரண்டும் ஒரே கூட்டம்தான். இரண்டும் இடையினம். ட மட்டும் வல்லினம். பூங்கோதை அப்படியே நிமிர்ந்தாள். கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்க என்று அவள்தானே பிள்ளைகளுக்குச் சொல்வாள். டு சொல்லும்போது நாக்கு மேலே போய் முட்டும், மூச்சு அறுபடும், கதவைச் சாத்தித் திறக்கிற மாதிரி. ழு சொல்லும்போது மூச்சு அறுபடாது, தண்ணீர் வளைந்து போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எழுத்து கேட்காவிட்டால் என்ன, அறுபடுகிறதா என்று கேட்கலாமே. நீட்டிக் கத்துகிற சத்தத்தில் நடுவில் ஒரு வெட்டு இருந்தால் விடு. வெட்டில்லாமல் வந்தால் இழு. அவ்வளவுதானே, அவ்வளவுதானே. முன்னால் வந்த இரண்டு தடவையும் வெட்டு இருந்ததா? காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், ஒரு தடவை இருந்த மாதிரி இருந்தது, ஒரு தடவை இல்லாத மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கத்தினால் போதும். ஒரே ஒரு தடவை. கத்துங்க. கத்த மாட்டேன் என்கிறாரே. மூச்சு தீர்ந்துவிட்டதா, அந்த ஒரு சாண், நான் விட்ட ஒரு சாணில் உள்ளே போய்விட்டாரா, கோபமா, கோபமானாலும் பரவாயில்லை, சண்டை போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம், மலையைப் பற்றி எவ்வளவு நேரம் சொன்னாலும் நான் கேட்கிறேன், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன், கத்துங்க. காற்று ஒரு கணம் படுத்தது. வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் எழுந்தது, ஈ என்று மேலே ஏறி, எங்கேயும் தட்டாமல், எங்கேயும் நிற்காமல், அப்படியே வளைந்து ஊ என்று இறங்கியது. ஒரே இழை. வெட்டில்லை.

இழுத்தாள். முதலில் மலையையே இழுக்கிற மாதிரி இருந்தது, பனியை அறுத்த விளிம்பில் கயிறு கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. குதிகாலில் எழும்பி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு எட்டு பின்னால் வைத்தாள். ஒரு விரற்கடை வந்தது. இன்னும் ஒரு எட்டு. வந்ததைக் கையில் சுற்றிக்கொண்டாள், சுற்றக் கூடாது என்று பிரிட்டோ தலையில் அடித்துச் சொன்ன வேலைதான், சுற்றினாள். நான் தப்பாகக் கேட்டிருந்தால் இந்நேரம் அவரை நானே உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வந்தது, அதோடு சேர்த்து இழுத்தாள். கயிறு வரத் தொடங்கியது, அவர் அந்தப் பக்கம் எதையோ குத்தி ஏறுகிறார், அவர் ஏற இவள் வாங்க, அவர் ஏற இவள் வாங்க. விளிம்பில் முதலில் பனிக்கோடாலியின் மூக்குத் தெரிந்தது, பனியைக் கொத்திக்கொண்டு நின்றது. அப்புறம் சிவப்புத் தொப்பி. அப்புறம் முகம், தாடியெல்லாம் பனி, மோவாயில் ரத்தம். அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. வாய் கோணி, கண் இடுங்கி, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அம்மாவைத் தேடுகிற பிள்ளைகளுக்கு இருக்கிற முகம். வயிற்றால் தேய்த்துக்கொண்டு வந்து, அவள் காலடியில் கவிழ்ந்து, முதுகு ஏறி இறங்கக் கிடந்தார். அவருக்குப் பின்னால் பாலம் இருந்த இடத்தில் நீலமாக ஒரு ஓட்டை.

வாயிலிருந்த பனியைத் துப்பினார். அப்புறம் தலையைத் தூக்காமலே, "நடுவுல ஒரு சாண் விட்ட பாரு," என்றார். "அப்பதான் எனக்கு உசிரே போச்சி."

"நீங்க சொன்னது கேக்கலைங்க. ரெண்டும் ஒண்ணாக் கேட்டுச்சு."

"இளு, இளுன்னு தொண்டை கிளியக் கத்துனனே." எழுந்து உட்கார்ந்தார், மோவாயில் வழிந்த ரத்தத்தைக் கையுறையால் துடைத்தார். "பயந்துட்டேன் கோதை," என்றார். இதற்கு முன் அவர் சொல்லி அவள் கேட்டிராத வார்த்தை. "காலுக்குக் கீள ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்ல."

அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். மேகம் கலையும் வரைக்கும் இந்தப் பக்கமே இருக்க வேண்டும், கலைந்தால் மேலே தள்ளிப் போய் வேறு இடம் தேட வேண்டும், இல்லை கூடாரத்திலிருந்து பிரிட்டோ யாரையாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாம் யோசிக்க வேண்டியதுதான். இன்னும் ஒரு பாலம் கடக்க வேண்டியிருக்கிறது. அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். கயிறு இரண்டு முஷ்டியையும் சுற்றி இறுகி, கையுறை மடிந்து, மணிக்கட்டு சிவந்துபோய் இருந்தது. மெல்லப் பக்கத்தில் வந்து அந்த முஷ்டியின் மேல் தன் கையை வைத்தார்.

"அதான் வந்துட்டேன்ல," என்றார். "விடு."

நின்ற காற்றில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது, அந்த டுவில் அவர் நாக்கு மேலே போய் முட்டித் திரும்பியது வரைக்கும் கேட்டது. அவள் விடவில்லை.